படம் போட்ட கவர்

அந்தத் தெருவில் நிற்கும் இரும்பு கேட்டுகளில் பதினேழு அவர் கையால் செய்தவை. அதனால் அவருக்குக் கேட்டுக்காரர் என்றே பெயர் நிலைத்துவிட்டது. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவர். பதினோரு வயதில் வெல்டிங் பட்டறையில் எடுபிடியாகச் சேர்ந்து, முப்பத்திரண்டு வயதில் அதே பட்டறைக்கு முதலாளி ஆனவர். கீழே பட்டறை, மேலே மாடியில் வீடு. எந்தப் படித்தவன் இப்படிச் செய்திருக்கிறான்? கையைத் தூக்கச் சொல்லுங்கள், பார்ப்போம்.

படித்தவர்கள் வீட்டுக்கு அளவெடுக்கப் போனால் அவருக்கு வாய் அரிக்கும். சாப்பாட்டு மேசையில் கடுதாசி, ஃபிரிட்ஜ் தலையில் கடுதாசி, செருப்பு அலமாரியில் போன வருஷத்துக் கரன்ட் பில். ஒன்றைத் தேடினால் ஒன்பது சரியும். "வாத்தியாரே, எழுத்துக் கூட்டிப் படிக்கிறவன் நான். என் வீட்டு மேசையை வந்து பாருங்க, முகம் பாத்துத் தலை சீவலாம்" என்றார் ஒரு வாத்தியார் வீட்டில். அந்த வாத்தியார் இன்றைக்கும் அவரைக் கண்டால் எதிர்ப்பக்கம் போகிறார்.

அவர் வீட்டில் தபாலுக்கு அன்றன்றைக்கே தீர்ப்பு. சமையலறைச் சுவரில் அவரே அடித்துக் கூராக்கிய மூன்று கம்பிகள். முதல் கம்பியில் இனிமேல் செய்யவேண்டியது. இரண்டாவதில் செய்து முடித்தது. மூன்றாவது குப்பைக்கு. எது குப்பை என்று அறிய அவர் கவரைப் பிரிப்பதில்லை. பிரித்தால் படிக்கவேண்டும், படித்தால் அரை நாள் போகும். பழுப்புக் கவர் என்றால் சர்க்கார், ஆஸ்பத்திரி. ஜன்னல் வைத்த வெள்ளைக் கவர் என்றால் கரன்ட்டு, தண்ணீர், பாங்க்கு. வழவழவென்று கலர் படம் போட்டு, பல்லைக் காட்டும் மனிதர்களோடு வந்தால் விளம்பரம். அதைக் கவரோடு தகடு வெட்டும் கத்தரியால் நாலாக நறுக்கி, வெள்ளைப் பக்கம் தெரிய மூன்றாவது கம்பியில் குத்திவிடுவார். கடைச் சாமான் எழுத மனைவிக்கு அதுதான் சீட்டு.

மனைவி பத்தாவது வரை படித்தவர். "பிரிச்சுப் பாத்துட்டு வெட்டுங்களேன்" என்று கல்யாணமான புதிதிலேயே சொல்லிப் பார்த்தார்.

"இரும்பைத் தட்டினாலே உள்ள ஓட்டை இருக்கா இல்லையான்னு சொல்றவன் நான். எனக்குக் கவர் தெரியாதா?"

முப்பத்தொரு வருஷம் ஒரு கடுதாசி தவறவில்லை. அதையும் எழுதியாகவேண்டும்.

அவர் மனைவிக்கு வலது முழங்கால் தேய்ந்துபோயிருந்தது. பெரிய ஆஸ்பத்திரியில் ஆபரேஷனுக்குப் பெயர் பதிந்து பத்தொன்பது மாதம். முறை வந்தால் கடுதாசி வரும் என்று சொல்லியிருந்தார்கள். கீழே இறங்க இருபத்திரண்டு படி. ஆஸ்பத்திரிக்குத் தவிர அவர் இறங்குவதில்லை. கேட்டுக்காரர் தபாலோடு மேலே வரும்போதெல்லாம் ஒரே கேள்வி.

"வந்துச்சாங்க?"

"வரலை. பழுப்புக் கவர் கண்ணுல படட்டும், அதைத்தானே முதல்ல குத்துவேன்."

ஒரு நாள் மதியம் அவர் சாப்பிட ஏறி வந்தபோது மேசை நிறையக் காகிதத் துண்டுகள். மூன்றாவது கம்பி மொட்டையாக நின்றது.

"என்ன இது, வீடா குப்பைமேடா?"

"குப்பைதான். உக்காந்து படிங்க, கேட்டுக்காரரே."

வாடிக்கைக்காரர்கள் கூப்பிடும் பெயரால் மனைவி அவரைக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. உட்கார்ந்தார். நாலு துண்டுகள் ஒட்டவைத்தாற்போல் பொருத்தி வைக்கப்பட்டிருந்தன. ஒன்றின் பின்பக்கம் 'உப்பு, சோப்பு' என்று எழுதி நிறுத்தியிருந்தது. முன்பக்கம் மனைவியின் பெயர். 'அறுவை சிகிச்சை' என்பதை எழுத்துக் கூட்டி முடிக்கவே அவருக்கு வியர்த்துவிட்டது. கடுதாசியின் தேதி போன மாதம் பன்னிரண்டு. பத்து நாளுக்குள் சம்மதம் சொல்லாவிட்டால் முறை அடுத்தவருக்கு.

"கவர்ல... படம் போட்டிருந்தானே."

"ஒரு அம்மா சிரிச்சுக்கிட்டே நடந்து போறா. நானும் பாத்தேன். நல்லாத்தான் நடக்கிறா."

சோற்றைத் தொடாமல் ஆஸ்பத்திரிக்கு ஓடினார். கவுன்ட்டரில் இருந்த பெண் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு, "கடுதாசி அனுப்பியிருக்கோமே ஐயா" என்றாள்.

"நீங்க பழுப்புக் கவர்லதானேம்மா அனுப்புவீங்க?"

"இந்த வருஷம் மாத்திட்டோம். பழுப்பா இருந்தா யாரும் பிரிக்கிறதே இல்லைன்னு புகார். ஃபோனும் ரெண்டு தடவை அடிச்சிருக்கோம், நீங்க எடுக்கலை."

அவர் கொடுத்திருந்தது பட்டறை நம்பர். கிரைண்டர் ஓடும்போது இடி விழுந்தாலும் கேட்காது.

"மறுபடி பதிஞ்சுடறேன். வரிசையில கடைசி. ஒன்றரை வருஷமாவது ஆகும். கடுதாசி ஏன் கிடைக்கலைன்னு எழுதணும், என்ன போடட்டும்?"

யாரிடமும் தலை குனியாத மனிதர். கூசாமல் சொன்னார்: "தபால்ல தவறிப்போச்சு."

வீட்டுக்கு வந்து அதையும் மனைவியிடம் சொன்னார். அவர் கொஞ்ச நேரம் சிரித்தார். கேட்கிறவர்கள் நடுங்கும் சிரிப்பு.

"பாவம் தபால்காரர். கீழ இருக்கிற தபால் பெட்டிச் சாவியைக் குடுங்க."

"நீ எப்படி இறங்குவ? நானே கொண்டாந்து தரேன். பிரிக்கவே மாட்டேன்."

"சாவி."

கொடுத்தார்.

அன்றிலிருந்து தினமும் பதினோரு மணிக்கு அந்த அம்மா இறங்குகிறார். இடது கால், வலது கால், நிற்பது. மறுபடி இடது கால். பட்டறையில் கேட்டுக்காரர் கிரைண்டரை நிறுத்திவிட்டுக் காது கொடுக்கிறார். கீழே வர ஆறு நிமிஷம், மேலே போக ஒன்பது. ஒரு தரம் கை நீட்டினார். "நீங்க செஞ்ச கைப்பிடி இருக்கே, போதும்" என்று அதைப் பிடித்துக்கொண்டு ஏறிவிட்டார்.

எல்லாக் கவரையும் பிரிக்கிறார். மெத்தை விளம்பரம், பல் டாக்டர் நோட்டீஸ், ஒன்றையும் விடாமல் கடைசி வரி வரை படிக்கிறார். படித்ததை மேசையில் வைக்கிறார். எதையும் எறிவதில்லை. மேசை நிறைந்து, ஃபிரிட்ஜ் தலை நிறைந்து, இப்போது செருப்பு அலமாரிக்கும் வந்தாயிற்று. அந்த வாத்தியார் வந்து பார்க்காத குறைதான்.

கத்தரி அதே ஆணியில் தொங்குகிறது. அத்தனை காகிதத்தையும் நறுக்க அவருக்குக் கால் மணி போதும். கேட்டுக்காரர் தட்டை மடியில் வைத்துக்கொண்டு சாப்பிடுகிறார்.