செல்லம்மாவின் பெயருக்கு அடியில் போட்ட கோடு

1. யார் போட்டது?

"எம் பேருக்குக் கோடு போட்டது யாரு?"

செல்லம்மா அப்படிக் கேட்டபோது என்னிடம் பதில் இருந்தது. நான்தான் போட்டேன்.

நெருக்கடி நிலைக்குப் பிறகு வந்த நாடாளுமன்றத் தேர்தல். காரைக்கால்மேட்டில் பெண்கள் வாக்குச்சாவடி. நான் ஃபர்ஸ்ட் போலிங் ஆபீசர். அதாவது, வாக்காளர் பட்டியலில் வருகிறவரின் பெயரைத் தேடி, உரக்கப் படித்து, ஆளைச் சரிபார்த்து, பெயருக்கு அடியில் கோடு போடுகிறவள். ஆசிரியை வேலையில் சேர்ந்து இரண்டாம் வருடம். தேர்தல் டியூட்டி முதல் தடவை. எட்டு மாதக் குழந்தையை நெரவியில் மாமியாரிடம் விட்டுவிட்டு வந்திருந்தேன். அழுகிறதோ, பால் குடித்ததோ என்ற நினைப்பு ஒரு பக்கம். பெயர் மாறிவிடக் கூடாதே என்ற பயம் ஒரு பக்கம். ஒவ்வொரு பெயரையும் இரண்டு முறை படித்தேன். அப்படியும் தவறு நடந்தது.

செல்லம்மா மீன் ஏலத்திலிருந்து நேரே வந்திருந்தார். புடவை முழங்கால்வரை நனைந்திருந்தது. விரலில் மை இல்லை. ஆனால் பட்டியலின்படி அவர் ஏற்கெனவே ஓட்டுப் போட்டாயிற்று.

2. தவறு நடந்த விதம்

பட்டியலில் பெண்ணின் பெயருக்குப் பக்கத்தில் கணவர் பெயர் இருக்கும். அதைக் கேட்டு ஆளை உறுதிசெய்ய வேண்டும் என்று டிரெயினிங்கில் சொன்னார்கள். எங்கள் பக்கத்தில் பெண்கள் கணவர் பெயரைச் சொல்வதில்லை என்பதை யாரும் சொல்லவில்லை. நானும் சொன்னதில்லை. எனக்கு அவர் 'பாப்பா அப்பா'தான். அதனால் காலையில் முதல் பெண் தலையைக் குனிந்துகொண்டதும் எனக்கே கூச்சமாகிவிட்டது. எதிரில் உட்கார்ந்திருந்த கட்சி ஏஜெண்ட் உதவிக்கு வந்தார். டவுன்காரர். மற்றக் கட்சிக்காரர் இன்னும் வந்து சேரவில்லை.

"பொம்பளைங்கள ஏன் டீச்சர் சங்கடப்படுத்துறீங்க? நான் சொல்றேன், பாத்துக்குங்க."

அவர் சொன்ன பெயர் பட்டியலோடு பொருந்தியது. அடுத்தவருக்கும் பொருந்தியது. எவ்வளவு நல்ல மனிதர் என்றுகூட நினைத்தேன். செல்லம்மா என்று சொல்லிக்கொண்டு வந்த யாரோ ஒருத்திக்கும் அவர்தான் கணவர் பெயரைச் சொன்னார்.

உண்மையான செல்லம்மா வந்து நின்ற பிறகுதான் ஏஜெண்டின் மடியைக் கவனித்தேன். என்னிடம் இருந்த அதே பட்டியலின் பிரதி அங்கே விரிந்து கிடந்தது. அந்த மனிதருக்கு அங்கே யாரையும் தெரியாது. படித்துப் படித்துச் சொல்லியிருக்கிறார்.

3. "அப்ப பேசாம இரு"

சாவடிக்குத் தலைமை அதிகாரியான பிரிசைடிங் ஆபீசர் ஓர் அலுவலகத்தில் ஹெட் கிளார்க். ஓய்வுபெற ஆறு மாதம் இருந்தது. என் பக்கம் குனிந்தார்.

"அந்தம்மாவ அனுப்பிச்சிடும்மா. விழுந்த ஓட்டு விழுந்ததுதான். டைரியில ஏத்துனா உனக்குத்தான் மெமோ வரும். வேலை நிரந்தரம் ஆயிடுச்சா?"

"இல்ல சார்."

"அப்ப பேசாம இரு."

இருந்துவிடலாம் என்றுதான் முதலில் தோன்றியது. வேலை போனால் வீட்டில் என்ன சொல்வேன்? ஆனால் செல்லம்மா நகரவில்லை.

"ஜெயிக்கிறவரு நாளைக்கி இந்தக் கரைக்கு வந்தா நாக்கப் புடுங்குற மாதிரி நாலு கேள்வி கேக்கணும்னு இருந்தேன் டீச்சர். ஓட்டே போடாதவ எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டுக் கேக்குறது?"

நான் எழுந்து நின்றேன்.

"சார், தப்பு என்னுது. புருஷன் பேர வந்தவங்ககிட்ட கேக்காம ஏஜெண்ட்கிட்ட கேட்டுட்டேன். அப்படியே எழுதுங்க. இவங்களுக்கு டெண்டர் ஓட்டுக் குடுங்க."

ஒருவர் பெயரில் வேறு ஆள் ஓட்டுப் போட்டுவிட்டால், உண்மையான ஆளுக்குத் தனியாக ஒரு சீட்டுக் கொடுத்து, பெட்டியில் போடாமல் உறையில் வைப்பதுதான் டெண்டர் ஓட்டு. வழக்கு வந்தாலொழிய அதை எண்ண மாட்டார்கள். அதையும் மறைக்காமல் சொன்னேன்.

"எண்ணாட்டிப் போவுது. நான் வந்தேன்னு எழுதியிருக்கும்ல?"

"இருக்கும். உங்க வீட்டுக்காரர் பேரு?"

செல்லம்மா ஏஜெண்டை ஒரு பார்வை பார்த்தார்.

"கலியபெருமாளு!" ஏலத்தில் விலை கூவுகிற குரல். "போதுமா, இன்னும் சத்தமா சொல்லணுமா?"

4. வரிசை

வெளியே போய் வரிசையில் நின்றவர்களிடம் செல்லம்மா என்ன சொன்னாரோ, அடுத்து வந்த பெண் நான் கேட்பதற்கு முன்பே கத்தினார்.

"எம் புருஷன் பேரு காத்தலிங்கம்!"

"ஏண்டி, அண்ணன் காதுல விழுந்துடப் போவுது!" என்று வரிசையிலிருந்து ஒரு குரல்.

"விழட்டுமே. இருவது வருஷம் குடும்பம் நடத்திட்டு இன்னைக்கித்தான் அதுக்குப் பேரு வச்சிருக்கேன்!"

அறை முழுக்கச் சிரிப்பு. ஏஜெண்ட் வாயைத் திறந்தார். "நீங்க சொல்ல வேணாம் சார், அவங்களே சொல்லட்டும்" என்றேன். என் குரல்தானா என்று எனக்கே சந்தேகம்.

பத்துப் பேருக்குப் பிறகு ஒருத்தி வாயே திறக்காமல் நின்றாள். கண் ஏஜெண்டைத் தேடியது.

"சொல்லுடியம்மா, கட்டுனவன் பேரு மறந்துபோச்சா?" என்றார் பின்னால் நின்றவர்.

அவள் கையிலிருந்த பெயர்ச் சீட்டைக் கீழே போட்டுவிட்டு, ஓட்டுப் போடாமலே வெளியேறினாள். அவளைப் பார்த்து வரிசையிலிருந்து இன்னும் இரண்டு பேர் கழன்றுகொண்டார்கள். டீ குடித்துவிட்டு வருவதாகச் சொல்லிப் போன ஏஜெண்ட், திரும்பி வரவேயில்லை. மாலை சாவடி மூடும்வரை இன்னொரு பெண்ணிடம் உன் ஓட்டு விழுந்துவிட்டது என்று சொல்ல வேண்டிய நிலை எனக்கு வரவில்லை.

மெமோ வந்தது. நடந்ததை எழுதிக் கொடுத்தேன். பிரிசைடிங் ஆபீசரும் டைரியில், 'தவறு தெரிந்தவுடன் அலுவலர் தாமாகவே ஒப்புக்கொண்டார்' என்று ஒரு வரி சேர்த்திருந்தார். அடுத்த வருடம் வேலை நிரந்தரமானது.

5. டியூட்டி ஆர்டர் வாங்கியிருக்கும் இளம் ஆசிரியைகளுக்கு

ஜெயித்துப் போனவர்கள் பதில் சொல்வதில்லை என்று எல்லோரும் பேசுகிறோம். நியாயமான பேச்சு. ஆனால் அவர்களைக் கேள்வி கேட்கப் போகிறவளின் ஓட்டு முதலில் நம் மேஜையைத் தாண்டித்தான் போகிறது. அங்கே நாம் கூச்சப்பட்டால், டெல்லியில் உட்காருகிறவர் யாருக்கும் பயப்பட வேண்டியதில்லை. எவ்வளவு நல்லவராகத் தெரிந்தாலும் ஏஜெண்டிடம் பெயர் கேட்காதீர்கள். தவறிவிட்டால் அங்கேயே சொல்லிவிடுங்கள்.

அடுத்த நாடாளுமன்றத் தேர்தல் மூன்று வருடத்துக்குள் வந்தது. இரண்டாவது குழந்தை கைக்குழந்தை. எனக்கு டியூட்டி இல்லை. நெரவியில் ஓட்டுப் போடப் போனேன். பட்டியல் வைத்திருந்த இளைஞர் கணவர் பெயரைக் கேட்டார். இத்தனைக்குப் பிறகும் பழக்கத்தில் தலை குனிந்தது. "நான் சொல்றேன்" என்று ஓர் ஏஜெண்ட் ஆரம்பித்தார்.

"நடராஜன்!" என்றேன். கொஞ்சம் சத்தமாகவே வந்துவிட்டது.

ஆண்கள் வரிசையிலிருந்து பாப்பா அப்பாவின் குரல் கேட்டது.

"உள்ளேன், டீச்சர்!"