ரெமோந்துக்கு வந்த பூக்கள்

லிமோஜில் இறைச்சிக்கடை வைத்திருந்தவர் மகள் ரெமோந்த் லகாஸ், நடிகையாகத்தான் பாரிஸுக்கு வந்தாள். ஆனதென்னவோ மாற்று நடிகை. பெரிய நடிகை ஒதில் வெர்னுவா வராமல் போனால் அந்த வேஷத்தை இவள் போட வேண்டும். ஒதிலா வராமல் போகிறவள்? காய்ச்சலோடு நடித்தாள், புருஷன் ஓடிப்போன அன்றும் நடித்தாள். நடுவே சினிமாவுக்குப் போய், அவள் அழுதால் நாடே அழும் என்று பேர் வாங்கினாள்; அந்தக் கூட்டத்தையும் மேடைக்கு இழுத்து வந்தாள். ரெமோந்த் ஒவ்வொரு சாயங்காலமும் அதே உடையை மாட்டிக்கொண்டு, மாடிப்படிக்கு அடியில் முக்காலியில் உட்கார்ந்து, அத்தனை வசனத்தையும் வாய்க்குள் முணுமுணுத்துவிட்டு வீட்டுக்குப் போவாள். இருபதில் வந்தவளுக்கு நாற்பது தாண்டிவிட்டது. ஒரே ஒரு தடவை மேடையேற வேண்டும். அவள் கேட்டது அவ்வளவுதான்.

"இன்னைக்கும் நல்லாத்தான் இருக்கேன் செல்லம், மன்னிச்சுக்கோ" என்று ஒதில் தினமும் அவள் கன்னத்தைத் தட்டுவாள். எல்லாரும் சிரிப்பார்கள். இவளும் சிரிப்பாள். வேறென்ன செய்வாள், பாவி மகள்!

அந்த அரங்கில் ஒரு வழக்கம். நடிகைக்கு முதலாளியிடமிருந்து ரோஜா வந்தால் வேலை தொடரும். கார்னேஷன் பூ வந்தால் மூட்டை கட்ட வேண்டியதுதான். வாயால் சொல்ல மாட்டார்கள், நாகரிகமாம்! அதனால் அங்கே யாரும் கார்னேஷனைத் தொடக்கூட மாட்டார்கள்.

ஒரு நாள் படப்பிடிப்பில் குதிரை ஒதிலைக் கீழே தள்ளியது. கணுக்கால் உடைந்தது.

உடை மாட்டிவிடும் பெர்த் மூச்சிரைக்க ஓடி வந்தாள். "எந்திரிடி ரெமோந்த்! இன்னைக்கு நீதான்!"

"கிண்டல் பண்ணாத பெர்த்."

"அந்தக் குதிரை மேல சத்தியம்டி!"

திரை விலகியது. ரெமோந்த் முதல் வசனத்துக்கு வாய் திறந்தாள். அதே நேரம் பார்த்து மேலே, பெரிய மனிதர்கள் உட்கார்ந்து பார்க்கும் பக்கவாட்டு மாடத்தின் கதவு திறந்தது. காலில் கட்டோடு, இரண்டு பேர் தோளில் தொங்கிக்கொண்டு, ஒதில்! கூட்டம் மொத்தமும் எழுந்து, மேடைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கைதட்டியது.

"அவளைப் பாருங்க, பாவம்" என்று ஒதில் எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாள்.

இடைவேளை வரைக்கும் ஒருவரும் மேடையைப் பார்க்கவில்லை. அதன்பிறகு வந்தது, பிள்ளையைப் பறிகொடுத்த தாய் புலம்பும் கட்டம். ஒதில் அதில் தரையில் புரண்டு கதறுவாள். ரெமோந்த் கதறவில்லை. பிள்ளையின் சட்டையை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள். தலைகள் ஒவ்வொன்றாக மேடைப் பக்கம் திரும்பின. முன்வரிசையில் ஒரு கிழவர் விசும்பினார். மாடத்தைப் பார்க்க ஆளில்லை. ஒதில் தன் டிரைவரைக் கூப்பிட்டு, பூக்கடைக்கு அனுப்பினாள்.

நாடகம் முடிந்து கைதட்டல் கூரையைப் பிளந்தது. ரெமோந்த் அழுதுகொண்டே சிரித்தாள். அப்போது மாடத்திலிருந்து ஒரு பூக்கொத்து பறந்து வந்து அவள் காலடியில் விழுந்தது. வெள்ளைக் கார்னேஷன்.

"என்ன மனசு பாருங்க அந்தம்மாவுக்கு!" என்று கூட்டம் உருகியது. மேடையோரம் நின்ற நடிகர்கள் தரையைப் பார்த்தார்கள். அரங்க முதலாளி மாடத்தை அண்ணாந்து பார்த்தார். ஒதில் அவரையே பார்த்தாள். அவர் மெதுவாகத் தலையாட்டினார்.

"தொடாதடி! தொடாத!" என்று பெர்த் கத்தியது கைதட்டலில் அமுங்கிப்போனது.

ஊரே பார்க்கும்போது எடுக்காமல் இருக்க முடியுமா? ரெமோந்த் குனிந்து எடுத்தாள். பூவை முத்தமிட்டு, மாடத்தை நோக்கித் தலை வணங்கினாள். கூட்டம் மறுபடி எழுந்தது. அவளுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்று, ஒதிலுக்குக் கைதட்டியது.