ஒரே நாளில் போர்

திருச்செங்கோட்டில் கிணற்றுக்குத் துளை போடும் ரிக் வண்டி ஓனர் ஒருவருக்கு வெப்சைட் செய்து கொடுத்திருக்கிறேன்.

கூகுளில் தேடுபவர் கண்ணில் பட (எங்கள் தொழிலில் இதற்குப் பெயர் எஸ்இஓ), பக்கத்தின் தலைப்பில் 'ஆழ்துளைக் கிணறு' என்று போட்டிருந்தேன்.

போன வாரம் சிரித்தார். "ஏனுங்க, அப்படி ஆருங்க தேடுவாங்க? போர்னு போடுங்க."

அவர் சொன்னபடியே மாற்றினேன்: 'ஒரே நாளில் போர் முடித்துத் தரப்படும்.'

இன்று கூப்பிட்டார். "ரண்டு போன் வந்துச்சுங்க!"

"தண்ணிக்குங்களா?"

"இல்லீங்க. ஒரு புள்ள, போர் வேண்டாம்னு கட்டுரை எழுதித் தரச் சொல்லுது. இன்னொருத்தர் எந்த நாட்டோடன்னு கேக்கறாருங்க. உங்க எஸ்இஓ சரியில்லீங்க!"

ஆமாம், தப்பு என்னுடையதுதான்.

உங்களில் யாருக்காவது அவசரமாக முடிக்க வேண்டிய போர் இருந்தால் கமெண்டில் சொல்லுங்கள். எந்த நாடானாலும் வண்டி வரும். தண்ணீருக்கு மட்டும் உத்தரவாதம் கிடையாது.