பெஞ்சுகளைத் திருப்பிப் போட்ட வருடம்

ஆரணியில் ஒரு கலைக் கல்லூரியில் பொருளாதாரம் நடத்துகிறேன். பல வருடங்கள் நான் குறிப்புச் சொல்வதும் மாணவர்கள் எழுதுவதுமாகவே வகுப்பு நடந்தது. சென்னையில் ஒரு பயிற்சிக்குப் போய்வந்த பிறகு அதை நிறுத்தினேன். பாடத்தை வீட்டில் படித்துவிட்டு வரச் சொல்லி, வகுப்பில் பெஞ்சுகளை எதிரெதிராகப் போட்டுப் பேசவைத்தேன்.

முதலில் யாரும் வாய் திறக்கவில்லை. தேவிகாபுரத்திலிருந்து பஸ்ஸில் வரும் ஒரு பெண் இருந்தாள். வருகைப் பதிவுக்கு அவள் சொல்லும் பதில்கூட என் காதில் விழாது. தேவையும் அளிப்பும் சேர்ந்துதான் விலையை முடிவு செய்கின்றன என்று ஒருவன் வாசித்தபோது அவள் எழுந்தாள்.

“எங்கப்பா கத்திரிக்கா எடுத்துகினு போனா மண்டிக்காரர் சொல்றதுதான் சார் வெல. வேணான்னு திருப்பி எடுத்துகினு வர முடியுமா?”

பட்டுப் புடவைக்கும் அப்படித்தான் என்றான் ஒரு நெசவாளர் மகன். ஜவுளிக் கடைக்காரர் மகள் ஒருத்தி மறுத்தாள். மணி அடித்த பிறகும் சண்டை ஓயவில்லை. அன்று வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் எனக்குச் சிரிப்பாகவே இருந்தது.

அடுத்த உள்தேர்வில் பாதிப் பேர் தேறவில்லை. பல்கலைக்கழகத் தேர்வை ஒட்டியே கேட்பதால் கேள்விகள் பழைய மாதிரியே இருந்தன: வரையறு, விவரி, பட்டியலிடு. மறுநாள் சில மாணவர்கள் என் அறைக்கு வந்தார்கள். அவர்களுக்காகப் பேசியது அந்தத் தேவிகாபுரத்துப் பெண்தான்.

“தப்பா நெனச்சிக்காதீங்க சார். பேசிகினே இருந்தா பாஸ் பண்ண முடியாது. பழையபடி நோட்ஸ் குடுங்க.”

“ஏம்மா, கிளாஸ் புடிக்கலையா?”

“புடிச்சிருக்குங்க சார். அரியர் வெச்சா வீட்ல படிப்ப நிறுத்திடுவாங்க.”

பெஞ்சுகள் பழைய இடத்துக்குப் போயின. பருவத் தேர்வில் எல்லோரும் தேறினார்கள். அவள் நல்ல மதிப்பெண் வாங்கினாள். வகுப்பில் மட்டும் மறுபடி அவள் குரலைக் கேட்கவில்லை.

போன மாதம் போளூர் பஸ்ஸில் அவளைப் பார்த்தேன். ஒரு தனியார் பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறாளாம்.

“நோட்ஸ் நல்லா குடுக்கறேன்னு பேர் எடுத்திருக்கேன் சார்” என்றாள் சந்தோஷமாக.

“நல்லா இரும்மா” என்றேன்.

இப்போது என் வகுப்பில் தொடுதிரைப் பலகை இருக்கிறது. குறிப்புகளை அதில் போடுகிறேன். பிள்ளைகள் போனில் படம் எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். பாதி நேரம் குறிப்பு, பாதி நேரம் பேச்சு என்று வைத்திருக்கலாம். அந்த வருடம் அது ஏனோ எங்கள் யாருக்கும் தோன்றவில்லை.