வீட்டுக்காரருக்குக் கருநீலம்

சலவை இயந்திரத்தின் வட்டக் கண்ணாடிக்கு முன்னால் கஸ்பர் அண்ணை கன்னத்தில் கைவைத்து உட்கார்ந்திருப்பார். லண்டன் செவன் கிங்ஸில் சனிக்கிழமை காலை அவரைப் பிடிக்க வேண்டுமானால் அந்தச் சலவைக் கடைக்குத்தான் போகவேண்டும். கருநீலச் சட்டைகள் நுரைக்குள் மூழ்கும், எழும், மறுபடி மூழ்கும். அவர் கண்ணும் கூடவே மூழ்கி எழும். பக்கத்தில் யார் வந்து குந்தினாலும் தெரியாது.

பிழைப்பு பெற்றோல் நிலையத்தில். உயிர் மட்டும் தமிழ்ப் பொடியன்களின் உதைபந்தாட்டக் கழகத்தில். அதன் உடுப்புகளுக்கு அவரே பொறுப்பு. பிறர் மைதானத்தில் ஆட வெள்ளைச் சட்டை, சொந்த மைதானத்துக்குக் கருநீலம். சொந்த மைதானம்தான் இல்லை! போன இடமெல்லாம் விருந்தாளியாகவே ஆடியதில் வெள்ளை பழுப்பேறிப்போயிற்று. கருநீலம் ஒருவர் முதுகிலும் ஏறவில்லை. போடாத சட்டையைத் தோய்க்கும் மனிதரைப் பார்த்து மனைவி டொலறஸ் தலையில் அடித்துக்கொள்வார்.

"கலியாணத்துக்குப் பிறகு கட்டாத கூறைச்சீலையை நீர் வெயில் காட்டுறேல்லையோ?" என்பார் இவர்.

சொந்த மைதானத்துக்கு, அவர் பேச்சில் 'வீட்டுக்கு', ஏன் கடும் நிறம் என்று கேட்டுவிட்டால் தொலைந்தோம், தேநீர் ஆறிவிடும். "வெளியில போனா வெள்ளை வேணும். பனிப்புகாருக்குள்ள எங்கட ஆளை எங்கட ஆள் கண்டுபிடிக்க வேணுமெல்லே? வீட்டில ஆர் எண்டு காட்டத் தேவையில்லை. சும்மா நிண்டாலே போதும்." சொந்த மைதானத்தில் வெள்ளை போடும் கழகங்களும் உண்டே என்றால், "அது அவையின்ர வீடு" என்று முடித்துவிடுவார்.

லண்டனுக்கு வந்த நாள் முதல் பிறர் வீட்டு அறையில் படுத்து, பிறர் அடுப்பில் சமைத்தவர். கருநீலம் சொந்தப் புல்லில் ஓடுவதை ஒரு தரம் பார்த்துவிட வேண்டும். வேறு ஆசை அவருக்கு இருந்ததாகத் தெரியவில்லை.

தொண்ணூற்றொன்றாம் ஆண்டு இலையுதிர் காலத்தில் உள்ளூர்க் கவுன்சில் கழகத்துக்கு ஒரு மைதானம் ஒதுக்கியது. முதல் ஞாயிறு, பனிப்புகார் விலகாத புல்லில் பொடியன்கள் கருநீலத்தில் இறங்கினார்கள். அவருக்குக் கண் நிறைந்துவிட்டது. கொஞ்ச நேரம்தான். எதிரணி வந்து கோட்டுகளைக் கழற்றியது. அதே கருநீலம்!

அந்த லீக்கின் விதிப்படி வந்தவர்கள்தான் நிறம் மாற்ற வேண்டும். அவர்களிடம் மாற்றுச் சட்டை இல்லை. நடுவர் கையை விரிக்க, அவர்களுடைய தலைவர் எட்வேட் முகம் சிவந்து நின்றார்.

"எங்கட வெள்ளையை அவைக்குக் குடுப்பம், அண்ணை. பிரச்சினை முடிஞ்சுது" என்றார் தமிழ் அணியின் தலைவர் பாலேந்திரா.

நியாயமான யோசனைதான். கஸ்பர் அண்ணை பையிலிருந்து வெள்ளையை அள்ளினார். புல்லில் நின்ற தன் கருநீலத்தை ஆசைதீரப் பார்த்தார்.

"வீட்டை வந்த ஆக்களின்ர சட்டையைக் கழட்டச் சொல்லுறதே? நீங்கள் கழட்டுங்கோ, தம்பியவை."

பொடியன்கள் முணுமுணுத்துக்கொண்டே கழற்றி வெள்ளைக்கு மாறினார்கள். உடற்சூடு ஆறாத கருநீலச் சட்டைகளைத் தோளில் போட்டுக்கொண்டு, கஸ்பர் அண்ணை உடுப்பு மாற்றும் அறைக்கு நடந்தார். கழற்றிய கோட்டை வைக்க இடம் தெரியாமல் கையில் பிடித்தபடி எட்வேட் அதன் வாசலில் தயங்கி நின்றார். கஸ்பர் அண்ணை முந்திப்போய் அங்கே கிடந்த நீள மர வாங்கைத் தன் சேர்ட் கையால் துடைத்தார்.

"வாங்கோ, இருங்கோ" என்று அதைத் தட்டிக் காட்டினார்.