தாய்மாமன் சொன்ன சாட்சி

தெய்வம்மாவுக்குப் பன்னிரண்டு வயதில் அம்மா செத்துப்போனாள். ஆறு வயதுத் தம்பி மனோகரனை அதற்குப் பிறகு வளர்த்தது அவள்தான். கீழ் கோத்தகிரி பக்கத்து எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கப் போகும்போது அவனையும் கூடவே கூட்டிப்போய்ச் செடிகளுக்கு நடுவே உட்கார வைப்பாள். அட்டை கடித்த இடத்தை எச்சில் தொட்டுத் துடைத்துவிடுவாள். கல்யாணமான பிறகு அவள் புருஷன் வீரையாதான் அதிகாரியிடம் பேசி மச்சினனைத் தேயிலைப் பேக்டரியில் சேர்த்துவிட்டு, தன் பக்கத்திலேயே நிறுத்தி மெஷின் வேலையும் கற்றுக்கொடுத்தார். எஸ்டேட் ஆட்கள் குடியிருக்கும் லயத்து வரிசையில் இரண்டு குடும்பத்துக்கும் அடுத்தடுத்த வீடு. இடையில் ஒரே ஒரு சுவர்.

போன வருஷம் ஆனி மாதம், நல்ல மழை. இலை அரைக்கிற மெஷினில் வீரையாவின் கை சிக்கி, தோள்வரை உள்ளே போய்விட்டது. சுவிட்சை அணைத்தது மனோகரன்தான். கோத்தகிரி ஆஸ்பத்திரியில் மூன்றாம் நாள் வீரையா இறந்துபோனார்.

அந்த மெஷினின் மூடி உடைந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. வீரையா இரண்டு தடவை அதிகாரியிடம் சொல்லியிருந்தார். இரண்டு தடவையும் மனோகரன் கூட நின்றான்.

விசாரணையன்று தெய்வம்மா பேக்டரி ஆபீஸ் வாசலில் நின்றாள். உள்ளே தம்பியின் குரல் தெளிவாகக் கேட்டது.

"மச்சான் அன்னைக்குக் குடிச்சிருந்தாருங்க. மூடிய அவரே கழட்டிட்டாரு."

வீரையா குடிக்கவே மாட்டார். குடித்தே அழிந்த அப்பாவைப் பார்த்து வளர்ந்தவர்.

மனோகரன் வெளியே வந்ததும் அவன் சட்டையைப் பிடித்தாள். "யாருடா குடிச்சா? சொல்லுடா, யாரு குடிச்சா?"

"அக்கா, விடுக்கா. எனக்கு வேலை போயிரும். ரெண்டு புள்ளைங்கள வச்சிருக்கேன்."

"அவரு உன்னைப் புள்ளையாட்டம் பார்த்துக்கிட்டாரேடா."

அவன் சட்டையை விடுவித்துக்கொண்டு மழையில் இறங்கிப் போய்விட்டான். அடுத்த மாதமே அவனை மெஷினிலிருந்து எடுத்து சூப்பர்வைசர் ஆக்கினார்கள்.

தெய்வம்மா யாரிடமும் சண்டைக்குப் போகவில்லை. ஆனால் சமைக்கும்போது பக்கத்து வீட்டில் தம்பி இருமினால் கை நின்றுவிடும். வெறுக்கவும் முடியவில்லை. சின்ன வயதிலிருந்து அவள் காது அந்த இருமலுக்கு எழுந்து பழகியது. ஒரு நாள் மகள் இந்துமதி பள்ளிக்கூடத்திலிருந்து வந்து மெதுவாகக் கேட்டாள்.

"அம்மா, அப்பா நெசமாவே குடிச்சாராம்மா? எல்லாரும் சொல்றாங்க. மாமா கூடச் சொன்னாருல்ல?"

புருஷன் செத்த அன்றுகூட அவள் அப்படி உடையவில்லை. மகளின் கண்ணில் இருந்த சந்தேகத்தை எந்தச் சத்தியம் செய்தும் அவளால் துடைக்க முடியவில்லை.

தை மாதம் இந்துமதி வயதுக்கு வந்தாள். அவள் உட்காரும் குடிசைக்குத் தாய்மாமன்தான் பச்சை ஓலை கட்ட வேண்டும், முதல் தண்ணீர் ஊற்ற வேண்டும். தெய்வம்மா யாரையும் கூப்பிடவில்லை. மனோகரன் தானாகவே வந்தான். மேட்டுப்பாளையத்திலிருந்து எடுத்துவந்த தென்னங்கீற்று தோளில் இருந்தது. பின்னால் அவன் மனைவி ரேணுகா சீர்த்தட்டோடு நின்றாள்.

தெய்வம்மா வாசலை மறித்தாள். "போயிருடா."

உள்ளேயிருந்து மகள் அழுதாள். "எனக்கு மாமா வேணும்மா. அப்பாவும் இல்ல. மாமாவும் வேணாம்னா எனக்கு யாரும்மா இருக்கா?"

லயத்துச் சனங்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தெய்வம்மா விலகி வழிவிட்டாள். மனோகரன் அக்காவின் முகத்தைப் பார்க்காமல் குனிந்து உள்ளே போனான்.

பெண்கள் குலவையிட்டபோது அவள் தேயிலைக்குள் நடந்து போய்விட்டாள். ஒரு செடியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். அழுகை வரவில்லை.

ஆபீஸ் பேப்பரில் வீரையா இன்னும் குடிகாரன்தான். திருத்தச் சொல்லி இரண்டு முறை கேட்டாள். விசாரணை முடிந்துவிட்டது என்றார்கள். தம்பியோடு அவள் பேசுவதில்லை. இந்துமதி இப்போது பள்ளிக்கூடம் விட்டதும் மாமா வீட்டுக்குத்தான் முதலில் போகிறாள்.