முதலாளி போடவேண்டிய கையெழுத்து

வளைகுடாவில் ஒரு முதலாளியின் படகில் மீன்பிடிக்கப் போன என் வீட்டுக்காரர் நான்கு வருடமாக ஊருக்கு வரவில்லை. அங்கே வேறொருத்தி இருப்பாள் என்றே சந்தேகப்பட்டேன். ஒருநாள் போனில், "ஊருக்கு வர்ற நெனப்பு இருந்தா பாஸ்போர்ட்ட எடுத்து காட்டுய்யா, பாப்போம்" என்று கத்தினேன். போனை வைத்துவிட்டார்.

அதே படகிலிருந்து பழவேற்காட்டுக்குத் திரும்பிய பக்கத்து வீட்டுத் தம்பியிடம், "இன்னாடா, யாரு அவ?" என்றேன்.

"இன்னாக்கா நீ! பாஸ்போர்ட்டே முதலாளி பீரோவுல கீது. அவரு கையெழுத்து போட்டாத்தான் ஊருக்கு வர முடியும். அண்ணன் வாயில வர்ற ஒரே பொம்பள பேரு நீதான், அதுவும் திட்றதுக்கு!"

அந்த முதலாளி நாசமாய்ப் போகட்டும் என்று மண்ணை வாரித் தூற்ற அம்மன் கோவிலுக்கு ஓடினேன். மண்ணை அள்ளிய பிறகுதான் உறைத்தது: அவருக்கு ஏதாவது ஆகிவிட்டால் கையெழுத்து போடுவது யார்?

மண்ணைக் கீழே போட்டேன். "அந்த மனுசன் நல்லா இருக்கணும் தாயே" என்று கும்பிட்டேன். கட்டியவரைச் சந்தேகப்பட்டதைவிட, அந்த வேண்டுதல்தான் இன்றும் என்னை உறுத்துகிறது.